பழைய நாற்காலியின் அருமை
(சாக் குடும்பத்தார் நடத்திய வாணிகத்தின் வரலாறு)

பிழைப்பை நாடி ஓர் அயல்நாட்டில் குடியேறியவர்கள், அந்நாட்டாருடைய பாட்டன் பூட்டன் புழங்கிய பொருள்களின் அருமையை அந்நாட்டாருக்கே எடுத்துச் சொல்லி, அதையே வாழ்க்கைத் தொழிலாகவும் கொண்டார்கள் என்றால் கேட்போர் வியப்படைவர். அமெரிக்காவில் அத்தகைய குடும்பம் ஒன்று இருந்தது. தந்தை ஒருவர், புதல்வர் மூவர். பழைய மரச்சாமான்களை வாங்கி விற்பது அவர்கள் செய்த வாணிகம். 1905இல் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய அது, 2002இல் கதவை அடைக்கும்வரை அக்குடும்பத்தார் கையிலேயே இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்து குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு இவ்வரலாற்றில் சுவை உண்டு என்று கருதி, அதை ஒருவாறு தொகுத்துத் தருகிறோம்.

இஸ்ரேல் சாக் 1883இல் கோவ்னோ நகரில் பிறந்தார். இன்று லிதுவேனியா நாட்டில் கௌனாஸ் என்று வழங்கும் அந்நகரம், அந்நாளில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சாக் குடும்பத்தார் யூதர். யூதர் எங்கே குடியிருக்கலாம், என்ன தொழில் செய்யலாம் என்பதற்கெல்லாம் அக்காலத்து ருஷ்யாவில் கட்டுப்பாடுகள் இருந்தன. கட்டாய ராணுவச் சேவை வேறு இளைஞர்களை அச்சுறுத்தியது. மேஜை, நாற்காலி, அலமாரி செய்யும் தச்சுத் தொழிலை இளமையிலேயே பயின்றிருந்த இஸ்ரேல், 1903இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். அப்போது வயது இருபது. மொழி உதவாத ஊரில் கைத்தொழில் உதவும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பழைய மரச்சாமான்களைச் செப்பனிடும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். பின்னர் வந்த பெயருக்கும் பொருளுக்கும் வேர் இந்தப் பட்டறையில்தான் இருக்கிறது. கடையில் நின்று ஓர் அலமாரியைப் பார்ப்பவன் அதன் முகத்தைப் பார்க்கிறான். செப்பனிடும் தச்சனோ அதைக் கவிழ்த்துப் போட்டு அடிப்புறத்தைப் பார்க்கிறான். இழுப்பறையை உருவி எடுத்து அதன் உட்பலகையைத் தடவிப் பார்க்கிறான். இழுப்பறையின் மூலைகளில், புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். கையால் அறுத்த பற்கள் ஒன்றைப்போல் மற்றொன்று இரா. இயந்திரம் அறுத்தவை அச்சில் வார்த்தவைபோல் ஒரே அளவாக இருக்கும். நீண்ட ரம்பத்தை இருவர் பிடித்து அறுத்த பலகையில் கீறல்கள் நேராக ஓடும். வட்ட ரம்பம் புழக்கத்துக்கு வந்தபின் அறுத்த பலகையில் அவை வளைந்து ஓடும். இழைப்புளி ஓடிய இடத்தை விரல் நுனியால் தடவினால் மெல்லிய அலைகள் தட்டுப்படும்.

இன்னும் நுட்பமான சாட்சி ஒன்று உண்டு. காலப்போக்கில் மரம் நீளவாட்டில் அனேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டில் சுருங்கும். ஆதலால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வட்டமாகச் செய்த மேஜைப் பலகையை இன்று அளந்து பார்த்தால், ஒரு பக்கம் சிறிதளவேனும் குறைந்திருக்கும். மிகச் சரியான வட்டமாக இருந்தால், அதுவே சந்தேகத்துக்கு இடம். அவ்வாறே, வெளியே மகாகனி மரம் பளபளத்தாலும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடங்களில் அந்தந்த ஊரில் மலிவாகக் கிடைத்த மரத்தையே பழைய தச்சர்கள் வைத்தார்கள். பாஸ்டன் தச்சர் வைத்தது வெள்ளைப் பைன். நம் ஊரில் பெட்டி அடிக்க ஜாதிக்காய்ப் பலகை என்று வாங்குகிறோமே, அதுபோல் இளகிய மரம். பிலடெல்பியாக்காரர் டியூலிப் பாப்ளர் வைத்தனர். நியூபோர்ட்டில் செஸ்ட்நட் மரம் மிகுதி. ஆகவே இழுப்பறையின் உட்பலகையே அச்சாமான் பிறந்த ஊரைச் சொல்லிவிடும். இந்த அறிவு அந்நாளில் புத்தகங்களில் கிடைக்கவில்லை. உளி பிடித்த கைகளில்தான் இருந்தது.

அந்நாளில் இச்சாமான்களின் நிலை என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மரச்சாமான் தொழிற்சாலைகள் பெருகின. புதிய சோபாக்களும் புதிய பீரோக்களும் கூடத்துக்கு வந்தன. பூட்டனார் செய்வித்த மகாகனி மேஜையோ அடுக்களைக்குப் போயிற்று. அங்கிருந்து பரணுக்கும், தானியக் களஞ்சியத்துக்கும் போயிற்று. சிலவற்றின்மேல் வர்ணத்தைப் பூசிக் கோழித்தீவனம் வைத்தார்கள். 1876இல், நாடு விடுதலையை அறிவித்த நூறாம் ஆண்டைக் கொண்டாடிய பிலடெல்பியா பொருட்காட்சிக்குப் பிறகே பழம்பொருளில் சிலருக்கு ஆர்வம் துளிர்த்தது. 1909இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் பொருட்காட்சிசாலை அமெரிக்கப் பழம் மரச்சாமான்களை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தபோது, நாற்காலியும் கலைப்பொருள்தானா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே, 1905இல், பாஸ்டன் நகரத்துச் சார்ல்ஸ் தெருவில் இஸ்ரேல் சாக் தமது சொந்தக் கடையைத் திறந்துவிட்டார்.

இவ்வாணிகம் நடக்கும் முறையை அறிந்துகொள்வது நல்லது. கிராமம் கிராமமாக வண்டியோட்டிச் செல்லும் சிறு தரகர்கள் இருந்தனர். வீட்டுக் கதவைத் தட்டி, "பழைய சாமான் ஏதேனும் கொடுப்பதுண்டா?" என்று கேட்டு, கிடைத்ததை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வருவர். கடைக்காரர் அவர்களிடம் வாங்குவார், செப்பனிடுவார், பொருளின் வரலாறு தெரிந்தால் குறித்து வைப்பார், பின் சேகரிப்போருக்கு விற்பார். ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறும். கிழவி ஒருத்தி சில டாலருக்குக் கொடுத்த நாற்காலி, கடைசியில் பல நூறு டாலர் பெறுவது இத்தொழிலில் அதிசயமே இல்லை. இது நியாயந்தானா என்ற கேள்வி எழத்தான் செய்யும். விற்றவளுக்குத் தெரியாததும் வாங்கியவனுக்குத் தெரிந்ததுமான ஒன்றில்தான் இந்த வாணிகத்தின் லாபம் அடங்கியிருக்கிறது. இதை மறைப்பதில் பயனில்லை. எனினும் தரகன் வாராதிருந்தால் அந்த நாற்காலி அடுத்த குளிர்காலத்தில் அடுப்புக்குப் போயிருக்கும் என்பதும் பல இடங்களில் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் எடை போட வேண்டும்.

மற்றோர் ஆபத்தும் இருந்தது. விலை ஏற ஏறப் போலிகள் முளைத்தன. ஓர் அலமாரியின் மேற்பாதியையும் வேறோர் அலமாரியின் கீழ்ப்பாதியையும் பொருத்தி, பிறவியிலேயே ஒன்றாய் இருந்தவைபோல் விற்பது உண்டு; இதனை அத்தொழிலார் 'கல்யாணம்' என்றே வேடிக்கையாகச் சொல்வர். ஒரு நாற்காலியின் உறுப்புகளைப் பிரித்து இரண்டு நாற்காலிகளில் சேர்த்து, இரண்டையும் பழையவை என்று விற்பதும் உண்டு. இதில் ஏமாறுவோர் எளியோர் மட்டும் அல்லர். 1969இல் ரோட் தீவைச் சேர்ந்த சிற்பி ஒருவர், பதினேழாம் நூற்றாண்டுப் பாணியில் பெரிய நாற்காலி ஒன்றைச் செய்து, வேண்டுமென்றே அடிபட்டதுபோல் ஆக்கி, புழக்கத்தில் விட்டார். சில கைகள் மாறி, ஹென்றி ஃபோர்டு பொருட்காட்சிசாலை அதை 9,000 டாலருக்கு வாங்கியது. 1977இல் உண்மை வெளியாயிற்று. அச்சாலை நாற்காலியை எறிந்துவிடாமல், போலியை அறிவதற்குப் பாடமாக வைத்துக்கொண்டது. இதை நாம் மெச்சுகிறோம். இத்தகைய உலகத்தில் ஒரு கடையின் பெயரை நம்பி வாங்கலாம் என்ற நிலையை உண்டாக்கியதே சாக் குடும்பத்தாரின் முதல் மூலதனம். செப்பனிட்டதைச் செப்பனிட்டது என்று சொல்லக் கண் பயின்றிருக்க வேண்டும். அந்தக் கண் தந்தைக்குப் பட்டறையில் கிடைத்திருந்தது.

1920க்குப் பின் அமெரிக்கச் செல்வர்கள் தம் நாட்டுப் பழம்பொருளைத் தேடிப் புறப்பட்டார்கள். மோட்டார் வாகன அதிபர் ஹென்றி ஃபோர்டு 1923இல் மாஸசூஸட்ஸ் மாநிலத்துச் சட்பரியில் 'வேசைடு இன்' என்னும் பழைய சத்திரத்தை வாங்கினார். அதை அக்கால முறைப்படியே அமைக்க அவருக்குச் சாமான்கள் தேவைப்பட்டன. சாக்கிடம் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். டெலவேர் மாநிலத்து விண்டர்தூரில் தம் மாளிகை முழுவதையும் பழம் மரச்சாமான்களால் நிரப்பி, 1951இல் அதைப் பொதுமக்களுக்குப் பொருட்காட்சிசாலையாகத் திறந்துவிட்ட ஹென்றி பிரான்சிஸ் டூபாண்ட் மற்றொருவர். இத்தகைய பெரும் செல்வர், கோவ்னோவிலிருந்து வந்த தச்சரிடம் தம் மூதாதையர் நாற்காலியைப் பற்றிக் கேட்டு அறிந்துகொண்டார்கள்.

1924ஆம் ஆண்டை நாம் தனியே குறிப்பிட வேண்டும். அவ்வாண்டு நவம்பரில் மெட்ரோபாலிட்டன் பொருட்காட்சிசாலை 'அமெரிக்கப் பகுதி' என்ற புதிய கட்டடத்தைத் திறந்தது. குடியேற்றக் காலத்து அறைகளும் சாமான்களும் அங்கே வரிசையாக அமைந்தன. நாட்டின் பழம்பெருமையைப் புதிதாக வந்தவர்கள் கண்டு திருந்த வேண்டும் என்பது அக்காலத்துப் பெரியோர் பலருடைய எண்ணம். அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. 1890ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் ஒவ்வொரு நாட்டினராக எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் நூற்றுக்கு இரண்டு பேர் வீதமே இனி ஆண்டுதோறும் வரலாம் என்றது அச்சட்டம். தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பெருந்திரளாக மக்கள் வந்தது 1890க்குப் பிறகுதான். ஆகவே இக்கணக்கு அவர்களுக்குக் கதவைச் சாத்துவதற்கென்றே போட்ட கணக்கு. இருபத்தோர் ஆண்டுகள் தாமதித்துப் புறப்பட்டிருந்தால் இஸ்ரேல் சாக் பாஸ்டனுக்குள் நுழைந்திருப்பது அரிது. புதிதாக வந்தவர்களால் பழம்பெருமைக்குக் கேடு என்று அஞ்சியவர்களுடைய கூடங்களில் இருந்த மேஜைகளை, அவ்வாறு வந்த ஒருவரே தேடி எடுத்துத் துடைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அது உறைத்ததோ இல்லையோ, நமக்கு உறைக்கிறது.

1929 ஏப்ரலில் நடந்த ஓர் ஏலத்தில் பிலடெல்பியாவில் செய்த உயரமான இழுப்பறை அலமாரி ஒன்றை, பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டோடு போட்டியிட்டு டூபாண்ட் 44,000 டாலருக்கு எடுத்தார். அக்காலத்தில் அது கண்ணைக் கூசச் செய்யும் தொகை. அதற்கு ஆறு மாதம் கழித்துப் பங்குச் சந்தை சரிந்தது. பழம்பொருள் வாணிகத்தில் முதலெல்லாம் சரக்காக நிற்கும். வாங்குவோர் மறைந்தால் சரக்கு மரமாகவே நிற்கும். அந்தப் பொருளாதார மந்தத்தில் எத்தனையோ கடைகள் மூழ்கின. சாக் கடை பாஸ்டனை விட்டு நியூயார்க்கை நிலைக்களமாகக் கொண்டது. பின்னர் நெடுங்காலம் 57ஆம் தெருவில் இயங்கிற்று. ஹெரால்டு, ஆல்பர்ட், ராபர்ட் என்னும் புதல்வர் மூவரும் தொழிலில் சேர்ந்தனர். வில்லியம்ஸ்பர்க், விண்டர்தூர், மெட்ரோபாலிட்டன் ஆகிய பெரும் சேகரங்களில் அவர்கள் கைவழியே சென்ற சாமான்கள் இன்றும் இருக்கின்றன. தந்தையார் 1959இல் காலமானார்.

தந்தையின் கையறிவைப் புத்தகமாக்கியவர் ஆல்பர்ட். 1950இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரே வகைச் சாமான்கள் மூன்றின் படங்கள் அருகருகே இருக்கும். ஒன்று நல்லது, அடுத்தது அதனினும் நல்லது, மூன்றாவது மிக நல்லது. மூன்றும் ஒரே காலத்தவை, ஒரே மரத்தவை. பின் வேறுபாடு எதில்? மேஜைக் காலின் அடியில் பறவையின் நகம் ஓர் உருண்டையைப் பற்றியிருப்பதுபோல் செதுக்குவது அக்காலத்து வழக்கம். சுமாரான தச்சன் செதுக்கியதில் உருண்டைமேல் நகம் ஒட்டியிருக்கும். தேர்ந்தவன் செதுக்கியதில் கணுக்கள் புடைத்து, நரம்பு இழுத்து, உண்மையாகவே பிடித்திருக்கும். நியூபோர்ட் நகரத்துத் தலைசிறந்த வேலையிலோ நகத்துக்கும் உருண்டைக்கும் இடையே வெளிச்சம் தெரியும்படி குடைந்திருப்பார்கள். இப்படிப் பார்க்கப் பழகியவன் அதன்பின் விலையைக் கேட்டுப் பொருளை மதிக்க மாட்டான். வணிகர்கள் நூலின் தலைப்பையே மறந்து அதை 'குட், பெட்டர், பெஸ்ட்' என்று அழைத்தனர். தம் கடை இரகசியத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாமல் அச்சிட்டுக் கொடுத்த வணிகர் அரியர். 1993இல் அந்நூல் விரிந்த பதிப்பாக வந்தபோது மேலும் இரண்டு படிகள் சேர்ந்தன.

இதை எழுதும்போது நம் வீடுகள் நினைவுக்கு வாராமற் போகவில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் சாமானைக் கொடுத்துவிட்டுப் புறப்படுவது நம்மவர் வழக்கம். கொல்கத்தா ரஸல் தெரு ஏல விடுதிகளும், மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவும் இப்படிப் புறப்பட்டவர்களின் மேஜை நாற்காலிகளை நிறையக் கண்டிருக்கின்றன. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சொல்லவே வேண்டாம். பர்மாத் தேக்கில் இழைத்த செட்டிநாட்டுத் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் சாய்ந்து நிற்பதைக் காணலாம். தாத்தாவின் பெட்டியை விற்பதும் விற்காததும் அவரவர் நிலைமை. ஆயினும் விற்குமுன் இழுப்பறையை உருவி ஒருமுறை பார்ப்பதற்குச் செலவில்லை. பழைய மெருகைச் சுரண்டிப் புது வார்னிஷ் அடித்தால் விலை ஏறும் என்று எண்ணுவோரும் உண்டு. அமெரிக்காவிலும் அப்படி எண்ணி அடித்தார்கள். பிற்காலத்தில் சேகரிப்போர் சுரண்டாததற்கே பல மடங்கு கொடுத்தார்கள்.

இனி 1989. பதினெட்டாம் நூற்றாண்டில் நியூபோர்ட் துறைமுகத்தில் டவுன்ஸண்ட், காடர்டு என இரு குடும்பத்தார், கொள்வினை கொடுப்பினையால் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தச்சுத் தொழில் நடத்தினார்கள். கிளிஞ்சல் வடிவச் செதுக்கல்கள் அவர்களுடைய முத்திரை. எழுதுமேஜையும் அதன்மேல் புத்தக அலமாரியும் ஒன்றாய் அமைந்த, ஒன்பது அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள சாமான் ஒன்று, பிராவிடன்ஸ் நகர வணிகர் நிக்கலஸ் பிரவுனுக்கு உரியதாய் இருந்து அவர் பரம்பரையிலேயே வந்தது. அதன் அழகை மெச்சும்போதே அதற்குப் பின்னுள்ளதையும் சொல்ல வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளிலும் ஹாண்டுராஸ் கரையிலும் மகாகனி மரத்தை வெட்டிச் சாய்த்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். பிரவுன் சகோதரர் நால்வரும் 1764இல் 'ஸாலி' என்ற அடிமைக் கப்பலை அனுப்பினார்கள். அப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர் மாண்டனர். சகோதரரில் ஒருவரான மோஸஸ் பின்னாளில் அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடினார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

பிரவுன் பரம்பரையினரின் பழைய மாளிகை உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருந்தது. அதைச் செப்பனிடும் செலவுக்காக இந்த மேஜையை விற்க முடிவு செய்தார்கள். 1989 ஜூன் மாதம் நியூயார்க் கிறிஸ்டி ஏல விடுதியில் டெக்ஸாஸ் செல்வர் ஒருவர் சார்பில் ஏலம் கேட்டவர் மூத்த புதல்வர் ஹெரால்டு சாக். ஒரு கோடியே இருபத்தோரு லட்சம் டாலருக்கு மேஜை அவர் பக்கம் முடிந்தது. அதுவரை உலகில் எந்த மரச்சாமானும் பெறாத விலை அது. மாளிகை செப்பம் பெற்று, பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் ஆயிற்று.

ஹெரால்டு 2000ஆம் ஆண்டு காலமானார். 2002இல் கடை மூடப்பெற்றது. அதன்பின் வந்த ஆண்டுகளில் பழம் மரச்சாமான்களின் விலை பொதுவாக மிகவும் இறங்கிற்று. சிறிய வீடுகளில் வாழும் இளந்தலைமுறையினர் கனத்த பழுப்பு நிற அலமாரிகளை விரும்புவதில்லை. தலைசிறந்தவற்றுக்கு மட்டும் மதிப்பு நின்றது. ஆல்பர்ட் 2011இல் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். தம் கையில் வந்துபோன சாமான்களைப் படத்துடனும் அளவுடனும் அவர்கள் பதிப்பித்த பத்துத் தொகுதிகள் இருக்கின்றன. எங்கேனும் ஒரு வீட்டுப் பரணிலிருந்து நியூபோர்ட் மேஜை ஒன்று இறங்கினால், அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க அத்தொகுதிகளைத்தான் எடுக்கிறார்கள்.